இடஞ்சுற்றினால் திறக்கும்

மச்சான்,

இன்று காலை எங்கள் வீட்டுக் குழாய் அழ ஆரம்பித்தது. திருகை எவ்வளவு இறுக்கினாலும், மூக்கு ஒழுகும் பிள்ளையைப் போல ஒரு சொட்டு, அப்புறம் ஒரு சொட்டு. "ஊர்த் தண்ணியெல்லாம் உங்க கையிலதான் இருந்துச்சுன்னு பீத்திக்குவீங்களே, இதை நிறுத்துங்க பாப்போம்" என்றாள் என் வீட்டுக்காரி. மானம் போகக்கூடாதே என்று சீனத் தவுக்கேயின் இரும்புக் கடைவரை நடந்துபோய்க் கொழுப்புத் தடவின சணல் கொஞ்சம் வாங்கி வந்தேன். பொட்டலத்தைப் பிரித்தேன். அவ்வளவுதான். மாட்டுக் கொழுப்பும் சணலும் சேர்ந்த அந்த வாடை ஏறியதும், எங்கள் அடுப்படியில் நீ வந்து நின்றுவிட்டாய்.

"என்ன நாத்தம் இது? வெளிய எடுத்துட்டுப் போங்க" என்றாள். நாற்றமில்லை, மச்சான் வந்திருக்கான் என்றேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்கு நீ அண்ணன் முறை அல்லவா?

உண்மையைச் சொன்னால் நீ சிரிப்பாய். நான் வாங்கி வந்ததே தப்பு. "கழுத்துல ஒழுகினா சணல், வாயில ஒழுகினா தோல்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! திருகின் தண்டு வெளியே வருகிற கழுத்தில் கசிந்தால்தான் சணலைச் சுற்றி நெருக்கவேண்டும். வாய் ஒழுகினால், உள்ளே தண்ணீரின் வழியைப் பொத்துகிற தோல் வட்டு தேய்ந்துபோனது என்று பொருள். இதைச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "உனக்கு வாயிலதான் மச்சான் ஒழுகுது. எந்தத் தோலைப் போட்டாலும் நிக்காது" என்று முடிப்பாய். கோலாலம்பூரில், நம் பிரிக்பீல்ட்ஸில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை என் வாய் வழியாக ஊருக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. இப்போதும் அப்படித்தான். வெற்றிலைக் கடை வேறு வைத்துவிட்டேனா, நின்று கேட்க ஆட்கள் கூடுதல்.

கடைக்கு வருகிறவர்களிடம், நாம் இருவரும் தண்ணீர் இலாகாவில் சாவிக்காரர்களாக இருந்தோம் என்பேன். ஏதோ கஜானாச் சாவி என்று நினைத்துக்கொண்டு மரியாதையாகப் பார்ப்பார்கள். நான் திருத்துவதில்லை. நம் சாவி ஆளுயர இரும்புக் கம்பி. உச்சியில் குறுக்கே ஒரு நீளக் கட்டை. தெருவோரச் செங்கல் குழியின் மூடியைத் தூக்கினால், உள்ளே சதுரத் தலையோடு ஒரு தண்டு கட்டைவிரல் மாதிரி நிமிர்ந்து நிற்கும். சாவியை அதன் தலையில் கவிழ்த்து, கட்டையின் ஒரு முனையை நீயும் மறுமுனையை நானும் பிடித்துக்கொண்டு குழியைச் சுற்றிச் சுற்றி நடக்கவேண்டும். மேலே நாம் நடக்க நடக்க, கீழே பெரிய குழாய்க்குள் ஓர் இரும்புக் கதவு மெல்ல இறங்கி வந்து தண்ணீரை மறிக்கும். வலமாகச் சுற்றினால் மூடும். இடமாகச் சுற்றினால் திறக்கும். இவ்வளவுதான் நம் படிப்பு.

எனக்கு அது பிழைப்பு. உனக்கு அது பாசம். வால்வுகளை நீ சொந்தக்காரர்களைப் போலக் குணம் பார்த்துப் பிரித்து வைத்திருந்தாய். தெருவில் இருக்கிற கதவு வால்வு ரோஷக்காரன். "முழுக்கத் திற, இல்லாட்டி முழுக்க மூடு. பாதியில நிறுத்தினேன்னு வை, தண்ணி கதவைப் போட்டு ஆட்டி ஆட்டியே அரிச்சிடும்" என்பாய். கொஞ்சம் கொஞ்சமாக விடுவதற்கு உருண்டை வயிறு வைத்த வால்வு தனியாக உண்டு. தண்ணீர் அதற்குள் வளைந்து ஏறி இறங்கிப் போவதால், சொன்னபடி கேட்கும். பம்பு வீட்டில் இருப்பதோ ஒருவழி வால்வு. போகிற தண்ணீர் அதன் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு போகும். திரும்பி வர நினைத்தால் அந்தத் தண்ணீரே கதவைச் சாத்திவிடும். "இது ஒண்ணை உன் காதுக்கும் வாய்க்கும் நடுவுல வெக்கணும் மச்சான்" என்றாய். ஒருநாள் ரயில் எஞ்ஜின் முதுகில், ஆவி மிஞ்சிப்போனால் தானே தூக்கிக்கொண்டு சீறுமே, அந்த வால்வைக் காட்டி, "எங்க அத்தை" என்றாய். அதை நான் ஊருக்குச் சொன்னேன். உன் மாமியார் காதுக்கும் போனது. அவர் சீறினார். உன் உவமை சரிதான் என்று ஊர் ஒத்துக்கொண்டது.

அந்த மாமியாரும் நீயும் நானும் ஒரு வால்வும் சேர்ந்து அடித்த கூத்தைத்தான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஓர் ஆயுத பூஜையன்று எல்லாரும் சுத்தியலுக்கும் மண்வெட்டிக்கும் பொட்டு வைத்தபோது, நீ சாவிக்கு வைத்தாய். அதோடு விட்டாயா? "சாவிக்கு வெச்சுட்டுப் பூட்டுக்கு வெக்கலன்னா கோவிச்சுக்கும்" என்று உன் வீட்டு வாசலுக்கு எதிரே இருந்த வால்வுக் குழியைத் திறந்து, எண்ணெய் தடவி மினுங்கின அந்தத் தண்டின் தலைக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு செம்பருத்தியும் செருகினாய். மறுநாள் யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். அதற்கு மறுநாள் தேங்காய். நாம் இருவரும் அந்தக் குழியை வலம் வருவதை முன்பே பார்த்தவர்கள் சாட்சி சொன்னார்கள். மூடுகிற வேலை பகலில், ஊர் கண்முன்னால் நடக்கும். திறக்கிற வேலை, ரிப்பேர் முடிந்து எல்லாரும் வீடடங்கிய பின்னால். ஆகவே ஊர் பார்த்ததெல்லாம் வலம் மட்டும்தான். திருகுசாமி என்று பேர் வைத்தது இட்லிக்கார அக்கா. நான் வைக்கவில்லை. பரப்பியது மட்டும்தான் நான். பாசார் சந்தையில் கீரை விற்ற சீன அக்காகூடப் போகிறபோக்கில் ஓர் ஊதுவத்தி செருகிவிட்டுப் போவாள். எந்தப் பக்கம் சுற்றவேண்டும் என்று அவள் கேட்டதே இல்லை. புத்திசாலி.

உன் செல்லம்மாவின் பிரசவத்துக்காகச் செமினி ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த உன் மாமியார், வந்த அன்றே திருகுசாமியைப் பிடித்துக்கொண்டார். காலையும் மாலையும் வலம். மகளுக்கு நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்கவேண்டும் என்று வேண்டுதல். செல்லம்மாவுக்கு முன்பு ஒரு பிள்ளை தங்காமல் போயிருந்தது. அதனால் அவரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. நான்கூட.

அப்புறம் அந்த நாள் வந்தது. ரயில் பாதைப் பக்கம் குழாய் மூட்டை அடைத்திருந்த ஈயம் பிதுங்கி, தெரு சேறாகி, நாம் காலையிலேயே வால்வை மூடப் போனோம். நாம் வலமாகச் சுற்ற, "வேலை நாள்லயும் மாப்ள சாமியை மறக்கலை பாருங்க" என்று பெருமை பேசியபடி உன் மாமியாரும் பின்னாலேயே சுற்றினார். தெருவெல்லாம் குடம் நிறைத்து வைத்திருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் திறந்துவிடலாம் என்று நீ எல்லாருக்கும் வாக்குக் கொடுத்தாய். மதியம் செல்லம்மாவுக்கு, நாள் ஆகுமுன்னே, வலி கண்டுவிட்டது.

வலி கண்டதும் உன் மாமியார் செய்த முதல் காரியம், வீட்டில் நிறைத்து வைத்திருந்த அண்டாத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய்த் திருகுசாமிக்கு அபிஷேகம் செய்ததுதான். தண்ணீரை அடைத்து வைத்திருக்கிற சாமிக்கு, இருந்த தண்ணீரையெல்லாம்! அக்கம்பக்கத்துக் குடங்கள் வந்தன, அவையும் தீர்ந்தன. அந்த நேரம் பார்த்துத்தான் மூட்டு அடைத்தாயிற்று, திறக்கலாம் என்று ஆள் வந்து சொன்னான். நாம் சாவியோடு ஓடிவந்தோம். குழியில் சாவியை இறக்கி, இடப்பக்கமாகக் காலெடுத்து வைத்தோம்.

"மாப்ள! நில்லுங்க!"

வாசலில் உன் மாமியார்.

"அந்தப் பக்கமாவா சுத்தப் போறீங்க?"

"ஆமா அத்தை. திறக்கணும்ல."

"இடஞ்சுத்தா? அது எப்போ சுத்தற சுத்துன்னு தெரியுமா உங்களுக்கு? சுடுகாட்டுல குடம் தூக்கினவன் சுத்தற சுத்து. என் பொண்ணு உள்ள உசுருக்குப் போராடறா. நீங்க வாசல்ல நின்னு அந்தச் சுத்து சுத்துவீங்களா?"

தெருவே என் வாயைப் பார்த்தது. ஆகவே நான் பேசினேன்.

"அம்மா, இது சாமியே இல்ல. இரும்பு."

"நீதானேடா சாமின்னு ஊரெல்லாம் சொன்னே!"

நான் இட்லிக்கார அக்காவைப் பார்த்தேன். அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

உள்ளேயிருந்து செல்லம்மாவின் குரல் வந்தது. அது பேச்சாக இல்லை. மருத்துவச்சி நிலைப்படிக்கு வந்து, "வெந்நி எங்க? கை கழுவ ஒரு சொட்டு இல்ல. ஆத்துத் தண்ணியை நான் தொடமாட்டேன், ஆமா. சீக்கிரம்லா!" என்று கத்திவிட்டுப் போனாள். உன் கை கட்டையின்மேல் இருந்தது. நீ அதை எடுக்கவுமில்லை, சுற்றவுமில்லை.

நான் உன் காதருகே வந்து சொன்னேன். "நாலு பொம்பளைங்களை விட்டு அத்தையை உள்ள தூக்கிட்டுப் போகச் சொல்லு மச்சான். நாம பாட்டுக்குத் திறந்துடலாம்."

"பயந்து நிக்கிறாங்கடா" என்றாய். "நானும்தான் பயந்து நிக்கிறேன். அவங்க பயத்துக்கு வாய் இருக்கு. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு அவரிடம் போனாய். வீட்டு மாப்பிள்ளை மாமியாரிடம் இத்தனை பணிவாகப் பேசி அந்தத் தெரு பார்த்ததில்லை.

"அத்தை, கோயில்ல கும்பிட்டுட்டு வெளிய வரும்போது எப்படி வருவோம்?"

"சாமிக்கு முதுகு காட்டாம, பின்னாலயே நடந்து வருவோம். அதுக்கென்ன இப்போ?"

"நாங்களும் அப்படியே நடக்கறோம். மூஞ்சி வலம் போற பக்கமே பாத்திருக்கும். கால் மட்டும் பின்னால வரும். காலையில வலஞ்சுத்தினதை, வலம் பாத்தபடியே திருப்பி எடுக்கறோம். சாமிக்கு அது குத்தம் ஆகாதுல்ல?"

அவர் யோசித்தார். உள்ளே மறுபடி அந்தக் குரல்.

"மூஞ்சி திரும்பக் கூடாது."

"திரும்பாது அத்தை."

"இவன் மூஞ்சி?" என்று என்னைக் காட்டினார்.

"திரும்பினா நீங்களே அறைங்க."

இப்படியாக, கோலாலம்பூர் மாநகரத்தில் முதுகுப்பக்கமாக நடந்து வால்வு திறந்த இரண்டு பேர் என்ற பெருமை நமக்கு வந்து சேர்ந்தது. கட்டையைத் தள்ளுவதற்குப் பதில் இழுக்கவேண்டியிருந்தது. நான் சேற்றில் ஒரு செருப்பை விட்டேன். இட்லிக்கார அக்காவின் காலை மிதித்தேன். அவள் என் முதுகில் ஒன்று வைத்தாள். "மூஞ்சி! மூஞ்சி!" என்று உன் மாமியார் பக்கத்திலேயே வந்தார். சிரிப்பு வராதவர்கள் அங்கே இரண்டு பேர்தான், அவரும் நீயும்.

கொஞ்சம் சுற்றியதும் நிற்கச் சொன்னாய். சாவிக் கம்பியில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாய். கீழே நடப்பதெல்லாம் அந்தக் கம்பி வழியாக உனக்குக் கேட்கும். செல்லம்மாவின் வயிற்றில் காது வைத்துக் கேட்பாயாமே, (யார் சொன்னார்கள் என்று கேட்காதே) அப்போதும் முகம் இப்படித்தான் இருந்திருக்கும். "காத்து போகுது. இரு" என்றாய். காலிக் குழாயில் தண்ணீரை ஒரேயடியாக விட்டால், உள்ளே இருக்கிற காற்று போக வழி தெரியாமல் முட்டும். பாய்ந்து வருகிற தண்ணீர் முனையில் போய்ச் சம்மட்டியால் அடித்ததுபோல் அடிக்கும். அப்போதுதான் ஈயம் ஊற்றின மூட்டு மறுபடி கக்கிவிடும். அப்படிக் கக்கியிருந்தால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. "முன்னால நடந்திருந்தா நான் ஓடியே திறந்திருப்பேன் மச்சான். கை என் பேச்சைக் கேட்கற நிலைமையில இல்ல. அத்தைதான் நம்மளை மெதுவா நடக்க வெச்சாங்க" என்று பிறகு பலமுறை சொல்லியிருக்கிறாய். அவரிடமும் சொன்னாய். அதற்கப்புறம் பத்துமலைக்குப் போகும்போதெல்லாம் அவர் உன் பேருக்கும் ஓர் அர்ச்சனை செய்தார்.

தெருக்குழாய் முதலில் பெருமூச்சு விட்டது. பிறகு இருமியது. செம்மண் நிறத்தில் துப்பியது. அப்புறம் வெள்ளையாய்ப் பொங்கி, தெளிந்து, விழ ஆரம்பித்தது. குடங்கள் ஓடின.

நான் கட்டையை விட்டுவிட்டேன். நீ விடவில்லை. கதவு முழுக்க ஏறி முட்டும்வரை என்னைப் பின்னால் நடக்கவைத்துவிட்டு, "ஒரு கால் சுத்து திருப்பு மச்சான்" என்றாய். எந்த வால்வைத் திறந்தாலும் நீ செய்வதுதான், கால்வாசிச் சுற்றுப் பின்வாங்குவது. முட்டின இடத்திலேயே விட்டால் துரு ஏறி அங்கேயே பிடித்துக்கொள்ளும். மூடவேண்டிய நாளில் அசையாது. திருப்புவது என்றால் மூடுகிற பக்கம். மூடுகிற பக்கம் என்றால் வலம். அந்தத் திறப்பில் முதல்முறையாக நாம் இருவரும் முன்னால் காலெடுத்து வைத்தோம். உன் மாமியார் தலைக்குமேல் கைகூப்பினார். "பாத்தீங்களா, கடைசியில வலம் வந்துட்டாரு!"

உடனே குழந்தை அழுதது என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். நடந்தது அப்படியில்லை. வெந்நீர் போய் வெகுநேரம் ஆகியும் நாம் அந்தக் குழியோரத்திலேயே குந்தியிருந்தோம். நீ வாசலையே பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில்தான் அழுகை கேட்டது. கேட்டதும் நீ எழுந்து ஓடவில்லை. குழியின் மூடியை எடுத்து, ஓசைப்படாமல் அதன் இடத்தில் வைத்து, மேலே ஒட்டியிருந்த மண்ணைக் கையால் துடைத்தாய். பிறகுதான் எழுந்தாய். பிள்ளைக்குத் திருகுசாமி என்றே பேர் வைக்கவேண்டும் என்றார் உன் மாமியார். வளர்ந்ததும் அவன் நம் இருவரையும் வெட்டுவான் என்று நான் எடுத்துச் சொல்லி, தண்ணீர்மலை என்று முடிந்தது.

உன்னைக் கிள்ளானுக்கு மாற்றினார்கள். என் முட்டி தேய்ந்து நான் கடை வைத்தேன். வருஷங்கள் போயின. பார்க்கிறபோதெல்லாம் சிரித்தோம். காய்ச்சல் என்று சேதி வந்தது, நாளைக்குப் போகலாம் என்றிருந்தேன். அதற்குள் அடுத்த சேதி வந்துவிட்டது. கிள்ளான் ரயிலில் மாலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எஞ்ஜின் நிலையத்துக்கு நிலையம் நின்று சீறியது. "எங்க அத்தை" என்று நீ சொன்னது நினைவு வந்து சிரித்துவிட்டேன். எதிரே இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

உன் மாமியார் இருக்கிறார், மச்சான். கண் மங்கிவிட்டது, குரல் மங்கவில்லை. செல்லம்மாவை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், என் குரல் கேட்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தச் சுத்தை அன்னிக்கு வாசல்லயே நிறுத்தினேன்டா. இன்னிக்கு எப்படிடா நிறுத்துவேன்?" என்றார். நான் அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

சுடுகாட்டில் தண்ணீர்மலை குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டான். உன் உயரம் அவனுக்கு வந்திருக்கிறது. உன் நடையும். ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஒரு துளை போட்டார்கள்; தண்ணீர் அவன் முதுகுப்பக்கம் வில்லாய் விழுந்துகொண்டே வந்தது. இடமாகத்தான் சுற்றினான். எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள். என் காதில் உன் குரல், வேலை நேரத்துக் குரல், சாதாரணமாகக் கேட்டது. "இடஞ்சுத்தினா திறக்கும் மச்சான்." அதுவரை இறுக்கமாக மூடிக்கொண்டு நின்றவன் நான். ஒரேயடியாகத் திறந்துவிட்டது. காற்று போக இடம் விடவேண்டும் என்று நீ சொன்னதெல்லாம் அப்போது நினைவில் இல்லை.

சுடுகாட்டை விட்டு வரும்போது திரும்பிப் பார்க்கக்கூடாது என்பார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பவே இல்லை. உன்னைப் பார்த்தபடி பின்னாலேயே நடந்து வந்தேன். கல் தடுக்கியது. "அண்ணே, ஊத்திக்கிட்டா வந்திருக்கீங்க?" என்று யாரோ கேட்டார்கள். தண்ணீர்மலை மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. வந்து என் முழங்கையைப் பிடித்து, "மெதுவா மாமா" என்று சொல்லி, தானும் என்னோடு பின்னாலேயே நடந்து வந்தான். அவன் பிறந்த கதை அவனுக்குத் தெரியும். சொன்னது யார் என்று நீயே ஊகித்துக்கொள்.

தப்பாக வாங்கின சணலை எறிய மனமில்லை. வெற்றிலை வைக்கிற தகர டப்பாவில் போட்டுவிட்டேன். நாளை முதல் வாடிக்கைக்காரர்கள் திட்டுவார்கள், திட்டட்டும். உன்னைப் பற்றிக் கடையில் பேசத் தொடங்கினால் ஏதோ ஓரிடத்தில் வந்து முட்டிக்கொள்ளும். அப்போது உன் மாமியாரைப் பற்றி ஒரு சிரிப்புச் சொல்லிவிட்டு, வெற்றிலை மடிக்கத் திரும்பிவிடுவேன். கேட்கிறவர்களுக்கு அது சிரிப்பு. எனக்கு அது நீ கற்றுக்கொடுத்த கால் சுத்து.

இப்போதும் முட்டிவிட்டது. திருப்பிவிட்டு எழுந்திருக்கிறேன். வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து கூப்பிடுகிறாள். குழாய் இன்னும் ஒழுகுகிறதாம். தோல் வாங்கப் போகவேண்டும்தான். இன்று ஒருநாள் ஒழுகட்டும் என்று சொல்லிவிட்டேன்.